மூன்றை ஐந்தென்று எழுதினேன்

1.2.1986, சனி

வாசு லோரியை வாசலிலேயே நிறுத்தி, பின்னாலிருந்து ஒரு இரும்புச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிவந்து அடுப்படியில் இறக்கினான். தரை அதிர்ந்தது. மூன்று குட்டைக் கால்கள். மூடியைச் சுற்றி ஒரு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே நெருப்புக்கரி போட்டால் உருண்டு விழாமல் இருப்பதற்காம்.

"டச்சு ஓவனாம்கா. டச்சுக்காரன் பீரங்கிய நம்ம ஊரு மலைமேல வுட்டுட்டுப் போனான், சட்டிய உங்களுக்கு வுட்டுட்டான்" என்று அவனே சொல்லி அவனே சிரித்தான்.

முன்பு இருந்த ஆஸ்திரேலியாக்கார சர்வேயர் முகாமில் இரண்டு சட்டிகளை விட்டுப் போயிருக்கிறார். அதில் ஒன்று எனக்கு வந்திருக்கிறது. கூடவே என் வீட்டுக்காரர் கையெழுத்தில் ஒரு தாள்: "இதில் ரொட்டி சுடலாம் என்கிறார்கள். என்சிக் ரம்லி கேட்கிறார். எனக்குப் பிடிபடவில்லை. நீ செய்து பார்த்து எழுதி அனுப்பு."

நலமா என்று இல்லை. நலம் என்றும் இல்லை.

கெர்லிங்குக்கு அப்பால் காட்டில், புது நெடுஞ்சாலைக்கு நிலம் அளக்கும் ஆட்களுக்குச் சமையல்காரராக அவர் போய் இன்றோடு நாலு மாதம். போகும்போது சொன்னது இரண்டு மாதம். சாப்பாட்டுக் கடை மூடும்வரை பதினெட்டு வருடம் கல்லாவில் உட்கார்ந்தவர். சமைத்ததெல்லாம் கூலிக்கு வைத்த ஆள். முகாம் மேலாளர் என்சிக் ரம்லியிடம் "சமைக்கத் தெரியும்" என்று அவர் சொன்னது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நான் எழுதி அனுப்புகிறேன், சனிக்கிழமை தோறும், முகாமுக்கு மீன் வாங்க லோரியில் வரும் வாசுவிடம்.

3.2.86, திங்கள்

சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன். காலையில் பார்த்தால் சட்டி முழுக்கத் துரு. இரும்பு என்றால் இரும்புதானே, எனக்கு ஏன் தோன்றவில்லை? சாம்பல் போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி, நெருப்பில் காய்ச்சி, மறுபடி தடவினேன். மூன்று முறை. கறுத்துப் பளபளத்தது.

ரொட்டி மாவு வைத்து, சோற்றுக்கு வைப்பதுபோல் கீழே நிறையக் கரி போட்டேன். அடி தீய்ந்து, மேல்பக்கம் பச்சை மாவு. கோழிகளுக்குப் போட்டேன். அவையும் பார்த்துவிட்டுப் போயின.

6.2.86, வியாழன்

இன்று பிடிபட்டது. ரொட்டிக்குச் சூடு மேலிருந்து இறங்க வேண்டும். பசாரில் விற்கும் கண்டல்மரக் கரியை முட்டை அளவுக்கு உடைத்து, கீழே எட்டுத் துண்டு, மேலே பதினாறு. கீழே இருப்பது வட்டமாக ஓரத்தில். நடுவில் ஒன்றும் கூடாது. பாதியில் சட்டியைக் கால் வட்டம் ஒருபக்கமும், மூடியைக் கால் வட்டம் மறுபக்கமும் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் கறுத்துப்போகும்.

நேரம்தான் சிக்கல். சுவர்க் கடிகாரம் நின்று மாதக்கணக்காகிறது. அவருடைய கைக்கடிகாரத்திலும் முகாமில் தண்ணீர் இறங்கிவிட்டதாம். இன்று ரொட்டி வேகும்போது சும்மா உட்கார மனமில்லாமல் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதினேன். ஒரு தடவை முடிந்தது, ரொட்டி வெளுப்பாக இருந்தது. இரண்டாவது முடிந்து திறந்தால் தேன் நிறம்! தட்டிப் பார்த்தேன், உள்ளே வெற்றிடம்போல் ஒலித்தது.

இரண்டு யாசீன். அவருக்கும் அது மனப்பாடம். ஒரே லெப்பையிடம் ஓதிக் கற்றவர்கள், வேகம்கூட ஒன்றுதான். இதைவிட நல்ல கடிகாரம் எங்கே கிடைக்கும்?

ரொட்டியில் கால்வாசி சாப்பிட்டேன். மீதி இருக்கிறது.

8.2.86, சனி

வாசுவிடம் தாள் கொடுத்தேன். மாவு அளவு, கரி எண்ணிக்கை, இரண்டு யாசீன், எண்ணெய் தடவும் முறை. சிரட்டைக் கரி வேண்டாம், சட்டென்று எரிந்து அடங்கிவிடும் என்று அடியில் கோடு போட்டேன். ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. வேறு எதுவும் எழுத இடமில்லை.

பின்பக்கம் இருந்தது.

15.2.86, சனி

பதில்: "ரொட்டி நன்றாக வந்தது. எல்லோருக்கும் பிடித்தது. அடுத்து என்ன?"

20.2.86, வியாழன்

இந்தச் சட்டி எதைச் சொன்னாலும் கேட்கிறது. இறைச்சி ஆணமோ வேறு குழம்போ, கரி கீழேதான், மேலே நாலைந்து போதும். முழுக் கோழிக்கு மேலும் கீழும் சமம். நெய்ச்சோற்றுத் தம்முக்கு மாவு வைத்து அடைக்கவே வேண்டாம், மூடியின் கனமே ஆவியை அமுக்கிவிடுகிறது. மூடியைக் கவிழ்த்து மூன்று கல்லில் வைத்தால் தோசைக்கல். உள்ளே மூன்று சிறு கல் போட்டுத் தண்ணீர் விட்டு, கிண்ணத்தில் வட்டிலப்பம் அவித்தேன். இத்தனையும் ஒரு வாரத்தில். தின்பதற்குத்தான் ஆள் இல்லை.

பக்கத்து வீட்டு நவமணிக்குத் தோசையும் வட்டிலப்பமும் கொடுத்தேன். ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டிவிட்டு வந்து, காலுறையைக்கூடக் கழற்றாமல் அடுப்படிப் படியில் உட்கார்ந்து தின்றாள்.

"பாயம்மா, எல்லாத்தையும் எழுதி எழுதிப் புருசனுக்கு அனுப்புறீங்களே. அவருக்கே சமைக்கத் தெரிஞ்சிட்டா அப்புறம் பொண்டாட்டி எதுக்குலா?"

"போடி, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

"நான் சும்மாத்தான் இருக்கேன். எங்க ஆளுக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது. அதான் தெனம் அஞ்சு மணிக்கு வூட்டுக்கு வந்துருது."

சிரித்தேன்.

1.3.86, சனி

"கோழி நன்றாக வந்தது. அடுத்து என்ன?"

9.3.86, ஞாயிறு

ஈப்போவிலிருந்து மகள் சுரையா கடிதம். மருமகனுக்கு வேலை உறுதியாகிவிட்டதாம். "அத்தா எப்போ வருவாங்க, நீங்க தனியாவா இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறாள். நான் நலம், அத்தாவும் நலம், இறைவன் காப்பான் என்று பதில் எழுதினேன். மகளிடமும் ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வரவில்லை.

15.3.86, சனி

வாசு மீன் கூடையை இறக்கும் முன்பே செய்தியை இறக்கினான்.

"அக்கா, பாய் இப்போ பெரிய ஆளு. அடுத்த மாசம் ரெண்டாம் தேதி கோலாலம்பூர்லேருந்து பெரிய எஞ்சினியர் வர்றாரு. அவருக்குச் சின்ன வயசுல அவங்கம்மா சுட்ட மரவள்ளிப் பிங்கா ரொம்ப ஆசையாம். அது நல்லா அமைஞ்சா என்சிக் ரம்லி பாயைக் கையோட வடக்கே கூட்டிக்கிட்டுப் போறாரு. பேராக், கெடா. ரெண்டு வருசம்!"

"அவரு என்ன சொன்னாரு?"

"சந்தோசமா இருக்காருக்கா. வேற என்ன சொல்லுவாரு?"

தாளில்: "மரவள்ளிப் பிங்கா எழுதி அனுப்பு. தவறக் கூடாது."

இரண்டு வருடம் என்பது தாளில் இல்லை. வாசு சொல்லாவிட்டால் எனக்கு எப்போது தெரிந்திருக்கும்?

18.3.86, செவ்வாய்

பிங்கா செய்து பார்த்தேன். மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிந்து, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, ஒரு சிட்டிகை உப்பு. சட்டியில் வாழையிலை விரித்து ஊற்றினேன். கீழே ஏழு, மேலே பதினைந்து. சரியாக மூன்று யாசீன். மேல்பக்கம் பழுப்புத் தோல் கட்டி, உள்ளே மெழுகுபோல். நானே செய்தேன் என்று நம்ப முடியவில்லை.

நவமணி வீட்டுக்கு முக்கால்வாசி. எனக்கு ஒரு துண்டு.

22.3.86, சனி

எழுதிவிட்டேன். கொடுத்தும் விட்டேன்.

கீழே ஏழு. மேலே பதினைந்து. ஐந்து யாசீன். மூன்றாவது முடிந்ததும் மேல்கரியைத் தட்டிவிட்டுப் புதுக்கரி பதினைந்து போடவும்.

மூன்றுதான். ஐந்து இல்லை. புதுக்கரி தேவையே இல்லை. பேனா தானாக எழுதவில்லை, நான்தான் எழுதினேன். "புதுக்கரி" என்ற வரியை ஒரே மூச்சில் எழுதினேன். எழுத்து அழகாக வந்திருந்தது. மடித்து, கண்ணில் ஒற்றி, அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி வாசுவிடம் கொடுத்தேன். எந்த வாயால் பிஸ்மி சொன்னேன்?

தீயட்டும். எஞ்சினியர் முகம் சுளிக்கட்டும். ரம்லி வேறு ஆள் பார்க்கட்டும். அவரு வீட்டுக்கு வரட்டும். எனக்கு வேற வழி தெரியல.

23.3.86, ஞாயிறு

அதிகாலை சுபுஹு தொழுதபின் வழக்கம்போல் யாசீன் ஓத உட்கார்ந்தேன். இரண்டு வசனத்துக்கு மேல் போகவில்லை. ஓதும்போதே மனது எண்ணுகிறது: ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து.

அல்லாஹ்வின் வசனத்தைக் கடிகாரமாக்கினேன். சரி, அதில் குற்றமில்லை என்று நினைத்தேன். இப்போது பொய்க் கடிகாரமாக்கிவிட்டேனே.

24.3.86, திங்கள்

ஓதவில்லை.

25.3.86, செவ்வாய்

ஓதவில்லை. சட்டியைத் தொடவும் இல்லை.

29.3.86, சனி

திருத்தம் எழுதி வைத்துக் காத்திருந்தேன்: "முன்பு எழுதியது தவறு. மூன்று யாசீன் போதும். புதுக்கரி வேண்டாம்." காலையிலிருந்து வாசலில். லோரி வரவில்லை. மதியம் பசாருக்குப் போய் மீன்காரரிடம் கேட்டேன். வாசுவை இந்த வாரம் சுங்கை சோவுக்குச் சாமான் ஏற்ற அனுப்பிவிட்டார்களாம்.

ரவாங் வரை பஸ் இருக்கிறது. ரவாங்கிலிருந்து கெர்லிங்குக்கும் பஸ் இருக்கிறது. இன்று இல்லாவிட்டால் நாளை, நாளை இல்லாவிட்டால் திங்கள். போகலாம்.

2.4.86, புதன்

போகவில்லை.

5.4.86, சனி

லோரியிலிருந்து அவரே இறங்கினார். தோளில் பை. தாடி நரைத்திருக்கிறது. ஆறு மாதத்தில் இவ்வளவா? வாசு என் முகத்தைப் பார்க்காமல் மீன் வாங்கப் போய்விட்டான்.

"வந்துட்டேன்" என்றார்.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

அவ்வளவுதான். அவர் வந்தால் என்னென்ன பேசுவது என்று ஆறு மாதமாக மனதில் அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் எடுக்க வரவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. வீட்டில் இரண்டு பேர். முன்பைவிட அமைதி.

8.4.86, செவ்வாய்

இன்றைக்குத்தான் சொன்னார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"நாலாவது யாசீன் பாதில வாசனை மாறிடுச்சு புள்ள. தீயுதுன்னு மூக்கு சொல்லுது. ஆனா நீ அஞ்சுன்னு எழுதியிருக்க. நீ எழுதினா தப்பாது. அப்போ நான்தான் அவசரமா ஓதிட்டேன் போலன்னு, அஞ்சாவதை நிறுத்தி நிதானமா ஓதினேன்."

நிதானமாக. ஐந்தாவதை இன்னும் நிதானமாக.

"தொறந்தா அடுப்புக்கரிக்கும் பிங்காவுக்கும் வித்தியாசம் தெரியல. எஞ்சினியரு நல்ல மனுசன், சிரிச்சாரு. அவரோட வந்தவன்தான் 'இது சாலைக்கு ஊத்துற தாரா?'ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

என் தட்டுச் சோற்றைக் கோழிகளுக்குக் கொட்டினேன். அவர் கவனிக்கவில்லை.

12.4.86, சனி

மாலை அஸர் தொழுகைக்குப் போனவர், பொழுது சாய்ந்து மஃரிபும் முடிந்துதான் வந்தார். சூரா என்ற எங்கள் சின்னப் பள்ளிவாசலில் லெப்பையிடம் உட்கார்ந்து யாசீனை முதலிலிருந்து ஓதிக் காட்டி, எங்கே தவறு என்று கேட்டிருக்கிறார். நாற்பது வருடமாக ஓதுவதை! ஐம்பத்திரண்டு வயதில், சின்னப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து!

"தப்பு ஒண்ணும் இல்லைங்கிறாரு லெப்பை. எனக்காகச் சொல்றாரு. எங்கயோ விட்டு விட்டு ஓதுறேன்னு தோணுது. இல்லாட்டி அந்த நேரம் எப்படிப் பொருந்தாமப் போகும்?"

யா ரப்பே. சமையல்தான் கெடும் என்று நினைத்தேன்.

19.4.86, சனி

இப்போது வீட்டில் சத்தமாக ஓதுவதில்லை. உதடு மட்டும் அசைகிறது. நான் வந்தால் அதுவும் நின்றுவிடுகிறது.

24.4.86, வியாழன்

இன்று பராஅத்து இரவு. மஃரிபுக்குப் பின் சூராவில் எல்லோரும் சேர்ந்து மூன்று யாசீன் ஓதுவார்கள். வெள்ளைச் சட்டை தேய்த்து வைத்தேன். அவர் போடவில்லை.

"நான் போகல புள்ள. தப்பா ஓதுறவன் கூட்டத்துல உக்காந்தா மத்தவங்களுக்கும் தடுமாறும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிட்டேன். நின்னுக்கிட்டே சொல்லிட்டேன். "உங்க ஓதல்ல ஒரு தப்பும் இல்ல. மூணுதான். நான்தான் அஞ்சுன்னு எழுதினேன். தெரிஞ்சே எழுதினேன். புதுக்கரியும் பொய். நீங்க ரெண்டு வருசம் போயிடுவீங்கன்னு வாசு சொன்னான், எனக்குப் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு வெள்ளைச் சட்டையைப் போட்டார். பொத்தானை மாற்றிப் போட்டு, கழற்றி, சரியாகப் போட்டார். சூராவுக்குப் போய்விட்டார்.

ஜன்னலோரம் நின்றேன். நாற்பது பேர் குரல். அதில் அவர் குரல் எனக்குத் தெரியும். சத்தமாகத்தான் ஓதினார்.

25.4.86, வெள்ளி

தட்டை வைத்தால் சாப்பிடுகிறார். நேற்று ஓதினாரே, அது போதும். எனக்கு வேண்டியதைக் கேட்க இன்று எனக்கு வாயில்லை.

26.4.86, சனி

காலையில் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டு நின்றவர், திரும்பாமலே கேட்டார்.

"ஆறு மாசத்துல எத்தனை தாள் அனுப்பின?"

"இருபத்தி நாலு."

"உப்பு, புளி, கரி எல்லாம் இருந்துச்சு. 'வாங்க'ன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம்ல?"

எனக்கும் கோபம் வந்தது. வந்துதானே தீரும். "நீங்க மட்டும்? 'அடுத்து என்ன, அடுத்து என்ன'. நான் உயிரோட இருக்கேனான்னு ஒரு வரி கேட்டீங்களா? ரெண்டு வருசம் போறதை லோரிக்காரன் சொல்லித் தெரிஞ்சுக்கணுமா நான்?"

வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "நீ எழுதுறதைப் பார்த்து, இவளுக்கு எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சேன்" என்றார். "அவ்வளவு ஒழுங்கா இருக்கும்."

நேராகப் போய்ச் சட்டியை எடுத்தேன். ஐந்து வாரத் தூசி. கிழங்கு துருவினேன். கீழே ஏழு, மேலே பதினைந்து. எதிரில் வந்து உட்கார்ந்தார். கேட்காமலே ஓத ஆரம்பித்தார், நானும் கூட ஓதினேன். ஒரு மாதத்துக்குப் பிறகு எனக்கும் நா எழுந்தது. மூன்றாவது முடிந்து திறந்தபோது இருவரும் குனிந்து பார்த்தோம். பழுப்பு.

வாசு வந்ததும் பிங்காவை இலையில் கட்டிக் கொடுத்தேன். "என்சிக் ரம்லிகிட்ட குடு. அன்னைக்குத் தீஞ்சதுக்குக் காரணம் சமைச்சவர் இல்ல, எழுதினவ. வேணும்னே தப்பா எழுதினேன்னு சொல்லு."

வாசு விழித்தான். "அப்படியே சொல்லணுமாக்கா? 'ஏதோ கணக்கு மாறிப்போச்சு'ன்னு சொல்றேனே?"

"அப்படியே சொல்லு."

3.5.86, சனி

என்சிக் ரம்லி ஆள் அனுப்பிவிட்டார். புதுச் சமையல்காரன் போட்ட சார்டின் குழம்பையே தின்று எல்லோரும் நொந்துபோயிருக்கிறார்களாம். என் சேதியைக் கேட்டு நெடுநேரம் சிரித்தாராம். "என் மனைவி இதைக் கேள்விப்பட வேண்டாம்" என்றாராம்.

அவர் பையைக் கட்டினார். நான் தடுக்கவில்லை. நான் கெடுத்த பெயர். அவர் போய் எடுத்துக்கொள்ள வேண்டும்.

லோரியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டார். "பேப்பர் இல்லையா?"

"இல்ல. சமையல் எல்லாம் உங்களுக்குத் தெரியும்."

வாசு சாவியைத் திருகினான். அந்த இரைச்சலில் சொன்னேன். நல்லவேளை இரைச்சல் இருந்தது. "வியாழக்கிழமை வாங்க."

"பார்ப்போம்" என்றார். வடக்கே போவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் நான் சொன்னதைக் கேட்டுவிட்டார்.

6.5.86, செவ்வாய்

நோன்புக்கு இன்னும் நாலு நாள் என்கிறார்கள். அரிசி புடைத்தேன், வீடு கழுவினேன். வியாழன் என்று சொன்னது அவர் காதில் விழுந்ததா, இல்லை உதட்டசைவைப் பார்த்துச் சும்மா 'பார்ப்போம்' என்றாரா? வராவிட்டால் என்ன? வராவிட்டால் மறுபடி சொல்வேன்.

நவமணி எட்டிப்பார்த்துவிட்டு, "யாரு வர்றாங்க பாயம்மா, ராஜாவா?" என்றாள்.

8.5.86, வியாழன்

அஸர் தொழுதுவிட்டுப் பாயை மடிக்கும்போது கதவு தட்டும் சத்தம். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார், சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது.

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன வழி அங்க?" என்று கேட்டேன்.

"மதியமே ஆணத்தைக் காய்ச்சி, கரியைத் தள்ளிட்டு மூடி வச்சிட்டு வந்தேன். இரும்பு லேசுல சூட்டை வுடாது. இது நீ எழுதினது இல்ல, நானா கண்டுபிடிச்சது." முகத்தில் ஒரு பெருமை. பிறகு, செருப்பைக் கழற்றிக்கொண்டே: "வடக்கே வரலைன்னு சொல்லிட்டேன். இங்க வேலை முடியுற வரைக்கும்தான். வாரா வாரம் வியாழக்கிழமை வீடு, வெள்ளி தொழுதுட்டுத் திரும்புவேன்னு சொன்னேன். ரம்லி சரின்னுட்டாரு."

தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டுக் கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். நான் இந்த நோட்டை எடுத்ததும் கேட்டார்: "அதுல என்னதான் எழுதுவ?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வந்தது. கரிக்கணக்கு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

"முதல் தேதியிலேருந்து படிச்சுக் காட்டறேன்" என்றேன். "உக்காருங்க. எந்திரிச்சுப் போயிடாதீங்க."